லாக்ஸ்டெப் பெட்டியா, கிளஸ்டரா, ஒற்றை சர்வரே போதுமா?

ஒரு பால் பதனிடும் ஆலையை எடுத்துக்கொள்வோம். கொதிகலன், குளிர்விக்கும் தொட்டி, பாக்கெட் போடும் இயந்திரம் எல்லாவற்றின் அளவுகளையும் ஒரே சர்வர் வாங்கித் திரையில் காட்டுகிறது, பதிவும் செய்கிறது. அதில் ஓடும் மென்பொருள் பழையது. இரண்டு கணினிகளில் பிரித்து ஓட்டலாம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதப்பட்டது. மாற்றி எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை. இரவு ஷிஃப்டில் கணினி தெரிந்தவர் யாரும் இருப்பதில்லை. இப்போது சர்வரைப் புதுப்பிக்க வேண்டும். மேசையில் மூன்று கொட்டேஷன். ஒருவர் நல்ல ஒற்றை சர்வரும் வாரண்டியும் போதும் என்கிறார். இன்னொருவர் இரண்டு சாதாரண சர்வர்களை, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் கிளஸ்டராகக் கட்டச் சொல்கிறார். மூன்றாமவர் பழுது தாங்கும் சர்வர் என்று, இரட்டிப்பு வன்பொருள் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்யும் லாக்ஸ்டெப் பெட்டி ஒன்றைக் காட்டுகிறார். விலை அதில்தான் அதிகம்.

வருடத்தில் எத்தனை சதவீத நேரம் சர்வர் ஓடும் என்பதை மூவருமே ஒன்பதுகளில் பேசுவார்கள். 99.9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கும். 99.99 என்றால் சுமார் 52 நிமிடம். 99.999 என்றால் ஐந்தே கால் நிமிடம். கணக்கு சரிதான். ஆனால் அந்த ஐந்து நிமிடம் ஒரே மூச்சில் வருமா, ஐந்து ஐந்து விநாடியாக அறுபது தடவை வருமா என்பதை இந்த எண் சொல்லாது. பால் ஆலைக்கு ஐந்து விநாடி பொருட்டே இல்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பாக்கெட் இயந்திரம் நின்று, அதைத் திரும்ப ஓட்ட அரை மணி நேரம் பிடிக்கும் என்றால், அறுபது சின்ன வெட்டுகள் ஒரு நீண்ட வெட்டைவிட மோசம். அதோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்தும் நேரத்தைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் ஒன்பதுகளை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு விஷயம் கேட்கலாம்: எது பழுதானால் இது காப்பாற்றும்? காப்பாற்றும் வேலையை யார் செய்வது, இயந்திரமா மனிதரா?

முதல் கேள்விக்கு ஒரு பழைய கணக்கு உதவும். டேண்டம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985-இல், வாடிக்கையாளர்களின் கணினிகள் ஏன் நின்றன என்று தொகுத்துப் பார்த்தார். நிர்வாகத் தவறுகள் 42 சதவீதம், மென்பொருள் 25, வன்பொருள் 18, மின்சாரம் போன்ற சூழல் காரணங்கள் 14. வன்பொருளுக்காகக் கூடுதல் பணம் செலவழிப்பது வீண் என்பதற்கு இந்த எண்களை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவை டேண்டம் கணினிகள். ஒரு வன்பொருள் பாகம் போனாலும் நிற்காதபடி கட்டப்பட்டவை. அதனால்தான் வன்பொருளின் பங்கு 18 சதவீதத்தில் அடங்கியது. பாதுகாப்பு ஏதுமற்ற சாதாரணப் பெட்டியில் இதே கணக்கை எடுத்திருந்தால் வரிசையே மாறியிருக்கக்கூடும். வன்பொருளை ஒருமுறை கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் மிஞ்சும் எதிரி மனிதரும் மென்பொருளும்தான் என்பதே அந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

ஒற்றை சர்வரை எடுத்த எடுப்பில் ஒதுக்க வேண்டாம். இன்று ஓரளவு விலை கொடுத்து வாங்கும் எந்த ரேக் சர்வரிலும் பவர் சப்ளை இரண்டு, ஃபேன்கள் தேவைக்கு மேலாக, டிஸ்க்குகள் ரெய்டு முறையில் ஒன்றின் நகலாக இன்னொன்று. மூன்றையுமே சர்வர் ஓடும்போதே கழற்றி மாற்றலாம். ராம் நினைவகத்தில் ஈ.சி.சி. என்ற பிழைதிருத்தும் ஏற்பாடு இருப்பதால் ஒரு பிட் புரண்டால் அதுவே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். ஒரு மெமரி சிப் முழுவதுமாகப் போனாலும் தாங்கும் ஏற்பாடு ஐ.பி.எம். வைத்த சிப்கில் என்ற பெயரில் தொடங்கி இப்போது பரவலாகிவிட்டது. இதெல்லாம் அலங்காரம் இல்லை. கூகுள் தன் தரவு மையங்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கணினிகளிலும் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மெமரி பட்டைகளிலும் திருத்தக்கூடிய பிழை ஒன்றாவது தென்பட்டதாகச் சொன்னது. ஈ.சி.சி. இல்லாத கணினியில் இவை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஆனால் மதர்போர்டு ஒன்றுதான். ரெய்டு கன்ட்ரோலரும் பெரும்பாலும் ஒன்றுதான். ஓடும் ஃபர்ம்வேரும் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) ஒன்றுதான். இவற்றில் எது போனாலும் பெட்டி படுத்துவிடும். அப்போது கைகொடுக்க வேண்டியது வாரண்டி. இங்கே கவனம் தேவை. ‘நான்கு மணி நேர ரெஸ்பான்ஸ்’ என்று எழுதியிருந்தால் நான்கு மணி நேரத்தில் யாராவது பேசுவார்கள் அல்லது வந்து நிற்பார்கள் என்று பொருள். சர்வர் ஓடத் தொடங்கும் என்று பொருளல்ல. பெரிய நகரத்தில் உதிரிபாகக் கிடங்கு பக்கத்திலேயே இருக்கும். ஆலை ஊருக்கு வெளியே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போர்டு வந்து சேர மறுநாள் ஆகலாம். இன்னொன்று: இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யூ.பி.எஸ்.-இல் சொருகி வைத்திருப்பதை எத்தனை இடங்களில் பார்க்கிறோம்! அங்கே இரண்டாவது சப்ளைக்குக் கொடுத்த காசு பாதி வீண்.

அலுவலகக் கணக்கு, வருகைப் பதிவு, கோப்புப் பகிர்வு இவற்றுக்கு ஒற்றை சர்வர், அலமாரியில் அதே மாடலில் ஒரு ஸ்பேர், திரும்ப எடுத்துப் பார்த்த பேக்கப் இந்த மூன்றும் போதும். அரை நாள் நின்றால் திட்டு விழும், அவ்வளவுதான். அதற்குமேல் செலவழிப்பது வீம்பு.

இனி விலை அதிகமான பெட்டிக்கு வருவோம்.

பழுது தாங்கும் கணினிகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. 1974-இல் தொடங்கிய டேண்டம், 1976-இல் முதல் நான்ஸ்டாப் கணினியைக் கொடுத்தது. அதன் வழி மென்பொருள் வழி. ஒவ்வொரு முக்கியமான நிரலுக்கும் வேறொரு செயலியில் ஒரு துணை இருக்கும். முதலாவது தன் நிலையை அவ்வப்போது துணைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், அது போனால் துணை தொடரும். நிரலை அதற்கென்றே எழுத வேண்டும். வங்கிகள் எழுதின. 1980-இல் தொடங்கிய ஸ்ட்ராட்டஸ் வேறு வழி பிடித்தது. 1982-இல் வந்த அதன் முதல் கணினியில் ஒரு போர்டில் இரண்டு மோட்டரோலா செயலிகள் ஒரே வேலையைச் செய்து, விடைகளை வன்பொருளிலேயே ஒப்பிட்டுக்கொண்டன. ஒத்துப்போகாவிட்டால் அந்தப் போர்டு தானே ஒதுங்கிவிடும். அதே வேலையை அதே நேரத்தில் செய்துகொண்டிருக்கும் ஜோடிப் போர்டு நிற்காமல் தொடரும். ஆக ஒரு வேலைக்கு நான்கு செயலிகள். நிரல் எழுதியவருக்கு இதில் எதுவுமே தெரிய வேண்டியதில்லை. அங்கேதான் இந்த வழியின் கவர்ச்சி.

இன்றைய லாக்ஸ்டெப் சர்வர் அந்த இரண்டாவது குடும்பத்தின் பேரன். ஸ்ட்ராட்டஸ் 2001-இல் எஃப்.டி. சர்வர் என்ற வரிசையை இன்டெல் செயலிகளோடு கொண்டுவந்தது. என்.இ.சி. நிறுவனமும் அதே தொழில்நுட்பத்தில் எக்ஸ்பிரஸ் 5800 எஃப்.டி. வரிசையை விற்றது. ஒரு சட்டத்துக்குள் இரண்டு மாட்யூல்கள். ஒவ்வொன்றிலும் செயலி, நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் முழுமையாக உண்டு. இரண்டும் ஒரே கட்டளையை ஒரே கணத்தில் செய்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே கணினிதான் தெரியும்: ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஒரு ஐ.பி. முகவரி. பழைய மென்பொருளுக்குத் தான் இரண்டு இடத்தில் ஓடுகிறோம் என்பதே தெரியாது.

இந்தப் பெட்டிகளோடு புழங்குபவர்கள் பேசும் சொற்கள் சில உண்டு. கொட்டேஷனையும் கையேட்டையும் படிக்க அவை தேவைப்படும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடினால் டூப்ளெக்ஸ். ஒன்று ஒதுங்கி மற்றது தனியே சுமந்தால் சிம்ப்ளெக்ஸ். சி.ஆர்.யூ. என்றால் வாடிக்கையாளரே கழற்றி மாற்றக்கூடிய பாகம். எஃப்.ஆர்.யூ. என்றால் இன்ஜினியர் வந்து மாற்ற வேண்டியது. எவை முதல் பட்டியலில், எவை இரண்டாவதில் என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ‘சேஃப் டு புல்’ என்றொரு விளக்கு இருக்கும். அது எரிந்தால்தான் அந்த மாட்யூலை உருவலாம். பழுதான பக்கத்துக்குப் பதில் நல்ல பக்கத்தை உருவிவிடும் அபாயம் எல்லா இரட்டிப்பு முறைகளிலும் உண்டு. இரவு ஷிஃப்டில் எலக்ட்ரீஷியனே போய் மாற்ற வேண்டிய இடத்தில் அந்தச் சின்ன விளக்குக்கு மதிப்பு அதிகம்.

இரண்டு பேர் முரண்பட்டால் யார் சொல்வது சரி? மூவர் இருந்தால் பெரும்பான்மைக்கு விடலாம். விமானக் கட்டுப்பாட்டில் அப்படித்தான். போயிங் 777-இன் பறப்புக் கணினிகள் மூன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று வேறு நிறுவனச் செயலிகள். இரண்டே மாட்யூல் உள்ள சர்வரில் தீர்ப்பு வேறு தடயங்களை வைத்துத்தான் நடக்கும். எந்தப் பக்கத்துச் செயலி தனக்குள் பிழை கண்டதாக அறிவித்தது, எந்தப் பக்கத்துக்கு முன்பே கெட்ட பெயர் என்று பார்க்கிறார்கள். இந்தக் கெட்ட பெயர்க் கணக்கை ஃபர்ம்வேரும் மேலாண்மை மென்பொருளும் வைத்திருக்கும். ஒரு மாட்யூல் தற்செயலாகத் தடுமாறினால் அதைப் பரிசோதித்து, நினைவகத்தை மற்றப் பக்கத்திலிருந்து நகலெடுத்து, மறுபடி வரிசையில் சேர்த்துக்கொள்ளும். தடுமாற்றம் குறிப்பிட்ட இடைவெளிக்குள் திரும்பத் திரும்ப வந்தால் நிரந்தரமாக ஒதுக்கிவிடும். எம்.டி.பி.எஃப். (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) வரம்பு என்று கையேட்டில் இருப்பது இதுதான். ‘கணக்கை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்’ என்று போனில் ஒருவர் சொன்னால், உடனே செய்யாமல் ஏன் என்று கேட்பது நல்லது. அழிப்பது பழுதை அல்ல, பழுதின் வரலாற்றை.

லாக்ஸ்டெப்புக்குச் சாதகமாக அண்மையில் ஒரு வாதம் சேர்ந்திருக்கிறது. செயலி நிற்காமலேயே தப்பான விடை கொடுப்பது. 2021-இல் கூகுளும் மெட்டாவும் தனித்தனியாக இதை வெளியிட்டன. கூகுள் சொன்னபடி, சில ஆயிரம் கணினிகளுக்குச் சில செயலி உட்கருக்கள் (கோர்கள்) எந்தப் பிழையும் காட்டாமல் எப்போதாவது தப்பாகக் கணக்கிடுகின்றன. ஈ.சி.சி. நினைவகத்தில் இருப்பதைத்தான் காக்கும். தப்பாகக் கணக்கிட்டு நினைவகத்தில் எழுதினால் அந்தத் தப்பையே பத்திரமாகக் காக்கும். கிளஸ்டரோ ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது, சரியாகக் கூட்டுகிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டு விடைகளை உடனுக்குடன் ஒப்பிடும் முறைதான் இதைப் பிடிக்கும்.

பிடிக்காதது எது? ஒரே பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து கூட்டினால் கூட்டலில் வரும் பிழை தெரிந்துவிடும். பேரேட்டிலேயே தப்பாக எழுதியிருந்தால் இருவரும் ஒரே தப்பான விடையைத்தான் சொல்வார்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டில் நடந்தது இது. திசையறியும் கணினிகள் இரண்டு, ஒரே வன்பொருள், ஒரே மென்பொருள். ஏரியன் 4-இலிருந்து எடுத்த நிரலில் ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடைக்க முயன்று துணைக் கணினி முதலில் விழுந்தது. 72 மில்லி விநாடி கழித்து முதன்மைக் கணினியும் அதே காரணத்தால் விழுந்தது. சுமார் 40 விநாடியில் ராக்கெட் சிதறியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியதே, அன்று உங்களிடம் லாக்ஸ்டெப் பெட்டி இருந்து அதிலும் அந்த மென்பொருள் இருந்திருந்தால் இரண்டு மாட்யூலும் ஒரே கணத்தில், மிகத் துல்லியமாக ஒத்துப்போய் விழுந்திருக்கும்.

ஃபர்ம்வேர் விஷயத்தில் இந்தப் பெட்டிகள் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானவை. ஒரு பக்கத்தை ஒதுக்கி, அதன் பயாஸை (கணினியைத் துவக்கும் ஃபர்ம்வேர்) புதுப்பித்து, வேலையை அந்தப் பக்கத்துக்குத் தாவவிட்டு, மற்றப் பக்கத்தையும் புதுப்பித்து, மறுபடி டூப்ளெக்ஸ் ஆக்கிக்கொள்ளலாம். சாதாரண சர்வரில் பயாஸ் மாற்ற நிறுத்தியே ஆக வேண்டும். பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே வரும். ஆனால் விலைப்பேச்சில் யாரும் தாமாகச் சொல்லாத ஒன்று உண்டு: ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மாதாமாதம் வரும் திருத்தமான பேட்ச் போட்டு ரீபூட் செய்தால் ஆலையின் திரை மொத்தமும் அணையும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் வருடத்துக்கு மூன்று மணி நேரம். ஐந்து ஒன்பது போகட்டும், நான்கு ஒன்பதுகூட மிஞ்சாது. இரண்டு பக்கத்தையும் தற்காலிகமாகப் பிரித்து ஒன்றில் பேட்ச் போட்டு, பிறகு சேர்க்கும் வசதி சில மாடல்களில் உண்டு. கடைசியில் மாறும் இடத்தில் அங்கும் ஒரு நிறுத்தம் இருக்கிறது.

விலை தவிர இன்னும் இரண்டு சங்கடங்கள். நினைத்த கார்டை வாங்கிச் சொருக முடியாது. தயாரிப்பாளர் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். ஏனென்றால் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை, கார்டு நடுவில் காணாமல் போனாலும் திகைக்காதபடி இறுக்கியிருப்பார்கள். அடுத்தது, இரண்டு சில்லுகளைக் கட்டளைக்குக் கட்டளை ஒத்து ஓடவைப்பது வரவரக் கடினமாகிறது. நவீனச் செயலி தானே வேகத்தைக் கூட்டும் குறைக்கும், தனக்குள் வந்த சின்னப் பிழையைத் தானே திருத்தி மறுபடி முயலும். அதில் செயலிக் கடிகாரத்தின் ஒன்றிரண்டு துடிப்பு தள்ளிப்போகும். மென்பொருள் வழியில் தொடங்கினாலும் பின்னாளில் செயலிகளையும் ஜோடியாக ஒப்பிட்டுவந்த நான்ஸ்டாப் குடும்பம், 2005-இல் இட்டேனியம் செயலிக்கு மாறியபோது துடிப்புக்குத் துடிப்பு ஒப்பிடுவதைக் கைவிட்டு, வெளியே போகும் விடைகளை மட்டும் ஒப்பிட்டது. 2008-இல் வந்த பிளேடு கணினிகளில் அதையும் விட்டுவிட்டு, செயலியின் சுயபரிசோதனையை நம்பியது. வாங்கும் பெட்டி பத்து வருடம் ஓட வேண்டும் என்றால் அந்த வரிசை எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

கிளஸ்டரின் தத்துவம் நேர் எதிர். விழட்டும், சீக்கிரம் எழுப்பிக்கொள்வோம். இரண்டு சாதாரண சர்வர்கள், பொதுவான ஸ்டோரேஜ் அல்லது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓயாமல் நகலெடுக்கும் டிஸ்க்குகள், இரண்டுக்கும் நடுவே ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஹார்ட்பீட். பதில் வராவிட்டால் இரண்டாவது சர்வர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மென்பொருளைப் புதிதாகத் தொடங்கும். கண்டுபிடிக்கச் சில விநாடி, டிஸ்க்கை ஏற்றச் சில விநாடி, டேட்டாபேஸ் தன்னைச் சரிசெய்துகொள்ள எவ்வளவு நேரமோ அவ்வளவு. ஆகமொத்தம் ஒரு நிமிடமும் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்தது போனது போனதுதான்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது பெரிது. இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருப்பதால் ஒன்றில் பேட்ச் போட்டு, சோதித்து, பிறகு மற்றதில் போடலாம். ஒன்று நீலத் திரையானால் மற்றது எழுந்து நிற்கும். இரண்டு சர்வரையும் வேறு வேறு கட்டடங்களில் வைக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் இருக்கும் லாக்ஸ்டெப் பெட்டியின் இரண்டு மாட்யூலும் ஒரே தண்ணீரில்தான் நனையும்.

ஆனால் கிளஸ்டர் கேட்கும் விலை வேறு வகை. அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நடுவே கேபிள் அறுந்தால் இரண்டும் ‘மற்றவன் செத்துவிட்டான்’ என்று முடிவுகட்டி, ஒரே டிஸ்க்கில் இருவரும் எழுதத் தொடங்குவார்கள். ஸ்பிளிட் பிரெய்ன் என்று சொல்லும் இந்த விபத்தைத் தடுக்க மூன்றாவதாக ஒரு சாட்சிக் கணினி வேண்டும். சந்தேகம் வந்தால் எதிராளியின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஏற்பாடும் வேண்டும். அந்தத் துண்டிப்பு பெரும்பாலும் மதர்போர்டில் தனியே ஓடும் பி.எம்.சி. என்ற குட்டிக் கணினி வழியாக நடக்கும். அதன் ஃபர்ம்வேர் தொங்கிப்போயிருந்தால் கிளஸ்டர் மாறாமல் நிற்கும். எத்தனை பேர் பி.எம்.சி. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கிறார்கள்? அதன் நெட்வொர்க் கேபிள் சொருகாமலே விட்ட இடங்கள் எத்தனை?

மாற வேண்டிய நேரத்தில் மாறாததற்கு டோக்கியோவைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 2020 அக்டோபர் 1 காலை, டோக்கியோ பங்குச் சந்தையின் வணிக அமைப்பில் பொதுத் தகவல் வைத்திருந்த ஸ்டோரேஜ் சாதனம் ஒன்றில் மெமரி பழுதானது. சாதனங்கள் இரண்டு. ஒன்று போனால் இன்னொன்றுக்குத் தானே மாற வேண்டும். மாறவில்லை. தானே மாறச் சொல்லும் செட்டிங் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய தலைமுறைச் சாதனத்தில் அந்த செட்டிங்கை அணைத்து வைத்தாலும் மாறிவிடும். புதிய தலைமுறையில் நடத்தை மாறியிருந்தது, கையேடு திருத்தப்படவில்லை. அன்று முழுவதும் வணிகம் நடக்கவில்லை. 1999-இல் முழுமையாக மின்னணு வணிகத்துக்கு மாறிய பிறகு முதல் முழுநாள் நிறுத்தம் அது. சந்தையின் தலைவர் அந்த நவம்பரில் பதவி விலகினார். மெமரி பழுது வழக்கமான ஒன்று. சாதனத்தின் ஃபர்ம்வேர் மாறியபின் அந்த ஒரு சூழலை யாரும் ஓட்டிப் பார்க்காததுதான் அசாதாரணம். இரட்டிப்பு தானே சிக்கல்களை உண்டாக்கும் என்பதற்கும் பழைய சாட்சி இருக்கிறது. 1981 ஏப்ரல் 10 அன்று முதல் விண்வெளி ஓடம் கிளம்பாமல் நின்றது எந்தப் பாகமும் உடைந்ததால் அல்ல. நான்கு முதன்மைக் கணினிகளும் ஐந்தாவது துணைக் கணினியும் நேரத்தில் ஒத்துப்போகாததால்தான். இரண்டு நாள் கழித்தே பறந்தது.

இடையில் மூன்றாவது பாதை ஒன்று உண்டு. லாக்ஸ்டெப் வேலையை வன்பொருளிடமிருந்து, ஒரு சர்வருக்குள் பல விர்ச்சுவல் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளுக்கு மாற்றுவது. ஹைப்பர்வைசர் தயாரிக்கும் வி.எம்.வேர் 2009-இல் இதைக் கொண்டுவந்தபோது ஒரே ஒரு விர்ச்சுவல் செயலியுள்ள கணினிக்குத்தான் முடிந்தது. முதல் கணினிக்கு வரும் உள்ளீடுகளைப் பதிந்து இரண்டாவதில் அப்படியே ஓட்டிப் பார்த்தார்கள். 2015-இல் முறையை மாற்றி, நினைவகத்தில் மாறியதை நொடிக்குப் பலமுறை நகலெடுத்து நான்கு செயலி வரை கொண்டுபோனார்கள், பிறகு எட்டு. சாதாரண சர்வர்கள் இரண்டும் நடுவே 10 கிகாபிட் இணைப்பும் போதும், நினைவகத்தில் இருப்பதும் போகாது. வெளியே அனுப்ப வேண்டிய எதையும் துணைக்கு நகல் போய்ச் சேர்ந்ததென்று உறுதியான பிறகே அனுப்பும் என்பதால் ஒவ்வொரு பதிலிலும் சிறு தாமதம் ஏறும். பால் ஆலைக்கு அது தெரியவே தெரியாது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் எழுதும் டேட்டாபேஸுக்குத் தெரியும். விர்ச்சுவல் கணினிக்குள் ஓடும் விண்டோஸ் விழுந்தால் இங்கும் இரண்டும்தான் விழும். 2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கிய பின் நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று சந்தா முறை வந்துவிட்டது. ஆகவே ஐந்து வருடச் சந்தாவையும் கூட்டிப் பார்த்துத்தான் லாக்ஸ்டெப் பெட்டியின் விலையோடு ஒப்பிட வேண்டும். ‘சாதாரண சர்வர்தானே, மலிவு’ என்று தொடங்கும் கணக்கு அங்கே பல்லிளிக்கலாம்.

மென்பொருளை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் இந்த விவாதமே தேவையில்லை. டேட்டாபேஸ் அளவிலேயே நகலெடுத்து, முன்னால் இரண்டு மூன்று சர்வர்களை வைத்துப் பகிர்ந்துவிடுங்கள்.

என் முடிவு. பால் ஆலை, குளிர்பதனக் கிடங்கு, சுங்கச்சாவடி, ஊருக்கு வெளியே இருக்கும் துணைமின் நிலையம் போல, மாற்ற முடியாத பழைய மென்பொருளும் அருகில் ஆளில்லாத இடமும் சேர்ந்தால் லாக்ஸ்டெப் பெட்டியையே வாங்குவேன். அதன் கூடுதல் விலை, இரவு இரண்டு மணிக்குக் கிளஸ்டரைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒருவருக்குப் பல வருடம் கொடுக்க வேண்டிய சம்பளத்தைவிடக் குறைவு. அந்த ஆள் அந்த ஊருக்கு வரவும் மாட்டார். ஆலையின் கட்டுப்பாட்டு நெட்வொர்க் இணையத்திலிருந்து பிரித்தே இருப்பதால் மாதாந்திர பேட்ச் நெருக்கடியும் அங்கே குறைவு, பராமரிப்பு நாளில் சேர்த்துச் செய்யலாம். மருத்துவமனை, கல்லூரி, நடுத்தர நிறுவனம் போல ஐ.டி. குழு இருக்கிற, இணையத்தோடு சேர்ந்தே இருக்கிற, வாரந்தோறும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கிற இடத்துக்கு அதை வாங்கமாட்டேன். அங்கே கிளஸ்டர்தான். ஏற்கெனவே ஹைப்பர்வைசர் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஒன்றிரண்டு முக்கியமான கணினிகளுக்கு மட்டும் அதன் பழுது தாங்கும் வசதியை முடுக்கிப் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் பர்ச்சேஸ் ஆர்டரில் சில வரிகள் சேர்க்கச் சொல்வேன். ஏற்றுக்கொள்ளும் சோதனையன்று, உண்மையான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, நம் ஆள் சொல்லும் பக்கத்தின் மின்கேபிளை உருவ வேண்டும். கிளஸ்டர் என்றால் ஹார்ட்பீட் கேபிளையும் தனியாக உருவ வேண்டும். ஒவ்வொரு ஃபர்ம்வேர் மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனை. மாற்று மாட்யூல் வந்து சொருகும்போது அதன் ஃபர்ம்வேர் பதிப்பு வேறாக இருந்தால் தானே சரிசெய்துகொள்ளுமா, இன்ஜினியர் வர வேண்டுமா என்று எழுத்தில் பதில். எத்தனை வருடத்துக்கு ஃபர்ம்வேர் திருத்தங்கள் வரும் என்பதற்கும் எழுத்தில் பதில்.

கடைசியாக ஒன்று, லாக்ஸ்டெப் வாங்குபவர்களுக்கு மட்டும். ஒரு மாட்யூல் செத்தாலும் திரையில் எதுவும் மாறாது, யாரும் புகார் சொல்லமாட்டார்கள். மாதக்கணக்கில் சிம்ப்ளெக்ஸில் ஓடி, இரண்டாவதும் போன பிறகே ‘இதுவா பழுது தாங்கும் சர்வர்’ என்று கோபப்பட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. சிம்ப்ளெக்ஸ் ஆனதும் போகும் எச்சரிக்கை தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போக இணைய வழி வேண்டும். ஆலையின் நெட்வொர்க்கைத் துண்டித்து வைத்திருந்தால் அது போகாது. அப்போது ஒரு ஜி.எஸ்.எம். மோடமும் சிம்மும் வைத்து குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அந்த சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்வது, குறுஞ்செய்தி எந்த இரண்டு பேருக்குப் போவது என்பதையும் அதே ஆர்டரில், விலைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.